நிறுத்தத்தில் ஒரு முகவரி

ப்ர்னோவில், மெண்டல் சதுக்கத்தில்,
டிராம் வரும் நேரம் காட்டும் பலகை
நேற்றிரவு நேரம் காட்டுவதை விட்டுவிட்டு
வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம்
தெருவுக்குச் சொல்லத் தொடங்கியது.

கறுப்பில் வெள்ளை எழுத்து,
வரிக்குக் கீழே வரி.
கேரட் பையோடு ஒருவர் அண்ணாந்து பார்த்தார்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பனியைத் திட்டினார்.
மாணவர்கள் இருவர் அதன் கீழே நின்று
படமெடுத்துக்கொண்டார்கள்.

வெண்டுலா மட்டும் வாசித்தாள்.
அவளுக்கு அதுதான் பிழைப்பு,
கெர்னல் உளறுவதைக் காதுகொடுத்துக் கேட்பது.
பதினேழாம் வரிக்கு வந்ததும்
முதுகு சில்லிட்டது. குளிரால் அல்ல.

எஃப் எஃப் எஃப் எஃப் என்று தொடங்கும்
பதினாறு இலக்கங்கள்.
ஒரு முகவரி.
முக்காடு இல்லாமல்,
உள்ளது உள்ளபடி, நடுத்தெருவில்.

ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும்
கெர்னல் தன் வீட்டை
அலாக்காகத் தூக்கி வேறெங்கோ வைக்கிறது.
எங்கே என்று யாருக்கும் சொல்லாது.
ஆனால் அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள தூரம்
என்றும் மாறாது.
ஒரு கதவு தெரிந்தால் போதும்,
மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்.
ஒரு சோறு எடுத்து நசுக்கியவனுக்குப்
பானை முழுக்கத் தெரிந்துவிடும்.

எட்டியிருந்தால்
கழுத்திலிருந்த சால்வையை அதன்மேல் போட்டிருப்பாள்.
எட்டவில்லை.
டிராம் வந்தது. ஏறிக்கொண்டாள்.

"டிராம் பலகையை யார் திருடப்போகிறார்கள்?"
தொலைபேசியில் கொட்டாவி விட்டான் ஓல்ட்ரிஷ்.
பலகை போகட்டும்.
இதே வரி
இன்னும் எத்தனை பெட்டிகளுக்குள் இருந்துகொண்டு
யார் யாரிடம் என்னென்ன சொல்லிக்கொண்டிருக்கிறதோ.

எழுதியவர் யார் என்று கேட்கும் கட்டளைக்கு
அவர்கள் தொழிலில் 'பழி' என்று பெயர்.
கேட்டாள்.
திரை அவள் பெயரையே சொன்னது.
ஆறு வருடத்துக்கு முன், ஒரு மார்ச்,
விடிகாலை மூன்று பன்னிரண்டு.

நினைவு வந்தது. திரை நடுங்கும் ஒரு பிழை.
மூன்று நாள் துரத்தியும் பிடிபடவில்லை.
போவதும் வருவதும் ஒரே ஆள்தானா என்று பார்க்கத்தான்
அந்த வரியை வைத்தாள்.
பிழை பிடிபட்டது, தூக்கமும் வந்தது.
வரி நின்றுவிட்டது,
கட்டடம் முடிந்தபின்னும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும்
சாரக்கழி மாதிரி.

"முகவரியையே மறைத்துவிட்டால்
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகுமே,
எப்படித் தேடுவேன்?" என்றான் ஓல்ட்ரிஷ்,
இப்போது முழுதாக விழித்துவிட்டான்.
அதே கேள்வியை அவளும் ஒரு காலத்தில் கேட்டவள்தான்.
எங்கே இருக்கிறான் என்பது உனக்கெதற்கு?
நேற்று வந்தவனும் இன்று வந்தவனும்
ஒருவனா என்பதுதானே வேண்டும்?
அதற்கு ஒரு பொய்ப்பெயர் போதும்.
இயந்திரம் விழித்திருக்கும்வரை
அவனுக்கு அதே பெயர்.
அணைத்து எழுப்பினால் வேறு பெயர்.
பெயரைப் பிடித்துக்கொண்டு
கதவு வரைக்கும் யாரும் போக முடியாது.
பெயர் சூட்டும் பகடை இன்னும் உருளாத
முதல் சில நொடிகளில்
கெர்னல் வெறும் கோடு போட்டுவிட்டுப் போகிறது,
இங்கே ஒரு முகவரி இருந்தது என்று.

எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தை அழித்தாள்.
திருத்தம் அவ்வளவுதான்.
அதற்கு விளக்கம் எழுத ஒரு மணி நேரம்.
'இந்த வரி என்னுடையது' என்று எழுதி,
அழித்து,
காபி போட்டுவந்து
மறுபடி எழுதினாள்.

காலையில் யாரோ மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகியிருந்தார்கள்.
ஒன்றாம் எண், நான்கு நிமிடம் என்றது பலகை,
ஒன்றுமே நடக்காதது போல.
வீடு இதற்குள் இடம் மாறியிருக்கும்.
மாணவர்களின் கைபேசிப் படத்தில் இருப்பது
யாரும் வசிக்காத ஒரு முகவரி.

வரி மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது.
திருத்தம் இந்தக் கம்பம்வரை வந்து சேர
மாதங்கள் ஆகும்.
அடுத்தமுறை தலைசுற்றினால்
புது முகவரியையும் சொல்லிவிடும்.
வெண்டுலா அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள்.
மூன்று நிமிடம் என்கிறது.